லேப் ரெடி

பழைய கம்பைலரை நீக்கிவிடவா என்று திரை கேட்டது. நஜ்மா சம்மதம் அழுத்திவிட்டு, விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். மவுஸ் அப்படிப் பிசுபிசுத்தது.

ஒவ்வொரு கம்ப்யூட்டரின் தலையிலும் சந்தனம், குங்குமம். பக்கவாட்டில் 'கல்லூரிச் சொத்து' என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்தப் பாலிடெக்னிக்கில் இத்தனை நாள் பூட்டிக் கிடந்த லேப் இன்றுதான் திறந்திருந்தது.

"இன்னாம்மா, இன்னும் ஓடிக்கினே கீது?" தாளாளர் குப்புராஜ் வாசலில் நின்று கத்தினார். பழைய இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர்.

"புது வெர்ஷன் போட எடமே இல்ல சார். எல்லாத்துலயும் கேம்ஸும் சினிமாப் பாட்டுமா ரொப்பி வெச்சிருக்காங்க. அதையெல்லாம் அழிச்சிட்டுத்தான் போடணும். இருக்கறது ஒரே சிடி. நடுவுல கரண்ட் போச்சின்னா மறுபடியும் மொதல்லேர்ந்து."

"ஜெனரேட்டர் போடச் சொல்றேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற ஆளு வந்துட்டுப் போற வரைக்கும் ஓடுனா போதும். ஸ்டிக்கரை ரொம்ப அழுத்தி ஒட்டாத, சாயங்காலம் உரிக்கணும். வாடகைக்காரன் பேஜாரு பண்ணுவான்."

ஆமாம், வாடகைதான். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுப்பதுபோல, ஆய்வுக்குக் கம்ப்யூட்டர் எடுத்திருந்தார் மனிதர். லேப் ஆசிரியையான நஜ்மாவுக்கே காலையில் லாரி வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். பிஸ்கட் தூள், தலைமுடி, யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம் எல்லாம் மேஜையில் உதிர்ந்தன. எத்தனை ஊர்க் கைகளின் அழுக்கோ! ஆனால் அந்த அழுக்கைவிட, இந்தப் பித்தலாட்டத்துக்குத் தன் கையால் கம்பைலர் போட்டுக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

கம்பைலர் இல்லாமல் எழுதின புரோகிராம் ஓடாது. இந்தப் பிள்ளைகளோ லேப் ஃபீஸை ஒழுங்காகக் கட்டிவிட்டு, நோட்டிலேயே புரோகிராம் எழுதி, நோட்டிலேயே விடையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் பிராக்டிகல் தேர்வு. த்தூ, இதற்குப் பெயர் படிப்பு.

மதியம் துளசிராமன் வந்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியின் முதல்வர், இங்கே ஆய்வு அதிகாரி. குப்புராஜ் நீட்டிய முந்திரித் தட்டைத் தொடாமல் நேராக லேப்புக்கு நடந்தார். பரவாயில்லை, யோக்கியமான மனுஷன் என்று நஜ்மாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஒரு மெஷினையும் விடாமல் பார்த்தார். "எந்த வெர்ஷன்ம்மா?"

"புதுசு சார். அதுக்கு வந்த அப்டேட்டையும் பென்டிரைவ்ல கொண்டாந்து போட்டுட்டேன்."

"எல்லாத்துலயுமா? ஜாவாவும் இருக்கா?"

"இருக்கு சார்."

"ரொம்ப சுத்தமா செஞ்சிருக்கீங்க. இதுல எதையும் அழிச்சிடாதீங்க, அப்படியே இருக்கட்டும்." கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு முன்வரிசையில் இருந்த மாணவி ஈஸ்வரியைக் கூப்பிட்டு, ஒரு சின்னப் புரோகிராமை அடித்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். திரையில் விடை வந்ததும் தன்னை மறந்து கையைத் தட்டிவிட்டாள்.

"மேடம், ஓடிச்சி மேடம்! நெஜமாவே ஓடிச்சி! நாளைக்கும் வந்து செஞ்சி பாக்கலாமா மேடம்?"

நஜ்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். இந்நேரம் லாரிக்காரன் பின்பக்க கேட்டில் வந்து நின்றிருப்பான். நாளைக்கு இந்தப் பெண் வந்து பார்த்தால் மேஜைதான் இருக்கும். நஜ்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மாணவிகளை வகுப்புக்கு அனுப்பினாள். சால்வை எடுத்துவர குப்புராஜ் ஆபீஸ் அறைக்குப் போயிருந்தார். விட்டால் இந்தச் சந்தர்ப்பம் கிடைக்காது. பழவேற்காட்டில் அவள் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருந்தது. இருந்தும் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"இதுல ஒண்ணுகூட எங்க காலேஜோடது இல்ல சார். எல்லாம் வாடகை. நீங்க கெளம்புனதும் லாரில ஏத்திடுவாங்க. பசங்க இதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல. நீங்க உள்ளதை எழுதுனீங்கன்னா இவரு வாங்கிப் போட்டுத்தான் ஆவணும். என் வேலை போனாலும் பரவால்ல சார்."

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா. மசமசன்னு நிக்காம சீக்கிரம் ஏத்தச் சொல்லுங்க."

"சார்?"

"நாளைக்கு எங்க காலேஜ்ல இன்ஸ்பெக்ஷன்."