720 போதும்

புதிய டீவி வாங்க, சம்பந்தி ஜுனைதீன் ஹாஜியாரையும் கண்டிக் கடைக்கு அழைத்து வந்திருந்தார் மஃரூப்.

"1080 எடுங்க, 720ஐ விடப் படம் துல்லியம். மெட்ச் பார்க்க வந்த சனத்துட முகம்கூடத் தெளிவா விளங்கும்," என்றான் விற்பனையாளன் ஸிபான்.

"720 போதும். பந்து ஓடுற வேகத்துக்கு அதுதான் சரி," என்றார் ஹாஜியார். அவர் பேச்சுக்குக் குடும்பத்தில் மறுபேச்சில்லை.

"சரி சம்பந்தி. நாளைக்குப் பல்லேகல கிரிக்கெட் மெட்ச் பார்க்க எங்கட வீட்டுக்கு வாங்களேன்."

"மாத்தளைக்கு வியாபார விஷயமாப் போகணும்னு சொன்னேனே."

மஃரூப் 720 டீவியோடு வாசலை நோக்கிப் புறப்பட்டார்.

ஸிபான் மெல்லக் கேட்டான்: "ஹாஜியார், போன மாசம் நீங்க 1080தானே கொண்டுபோனீங்க?"

தொப்பியைச் சரிசெய்தார் ஹாஜியார். "நாளைக்கு நான் மாத்தளையில இல்ல மகன். பல்லேகல மைதானத்துல, முன்வரிசையில."