பின் சீட்டில் எந்தப் புத்தகம்?

"அண்ணே, இன்னைக்கு எந்தப் புத்தகம்?"

பில்லிங் அக்கா இப்படிக் கேட்டதும், மானேஜரின் கார் டிரைவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சண்டைப் புத்தகம், தங்கச்சி. அட்டையில ஒருத்தன் குதிரை மேல வாளோட உக்காந்திருக்கான். பின் சீட்டுல வழி பூரா முணுமுணுன்னு படிச்சிட்டே வந்தார்."

"அய்யய்யோ, சண்டையா!" என்றாள் அக்கா.

அந்தப் பார்சல் கம்பெனியில் மழை வருமா, வெயில் வருமா என்று யாரும் கவலைப்படுவதில்லை; மானேஜர் என்ன படிக்கிறார் என்பதுதான் கவலை. ஆள்வது எப்படி, படை நடத்துவது எப்படி என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் எழுதி வைத்த புத்தகங்களாகத் தேடித் தேடிப் படிப்பார். படித்ததை உடனே ஆபீசில் செய்து பார்ப்பார். மாறுவேடத்தில் ஊர் சுற்றும் ராஜாவைப் படித்த வாரம், தலையில் தொப்பியோடு குடோனுக்குள் புகுந்து, "இங்க மானேஜர் எப்படிப்பா?" என்று விசாரித்தார். "தங்கமானவர் சார்!" என்று அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். இந்தச் சண்டைப் புத்தகத்தோடு அன்று காலை காரிலிருந்து இறங்கியதுமே, அரை நாள் லீவு கேட்ட ஸ்டோர்கீப்பரிடம், "போர்க்களத்துல லீவு உண்டாய்யா?" என்று எரிந்து விழுந்தார்.

"எனக்கு நாளைக்கு லீவு வேணுமேண்ணே. பொண்ணைக் காலேஜ்ல சேக்கணும். அப்பா இல்லாத பொண்ணு. நான் நேர்ல போய்க் கையெழுத்துப் போடலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"நாளைக்கு அவர் வேற வெளியூர் போறாராம். ஒருத்தருக்கும் லீவு கிடையாதுன்னு சொல்லிட்டார். கடவுள் மேல பாரத்தைப் போட்டுட்டுக் கேட்டுப் பாரு."

அக்கா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கா?" மானேஜர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "நான் இல்லாதப்போ யாரும் நகரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். பொண்ணோட படிப்பாச்சே..."

"என்ன படிப்பு?"

"பொலிட்டிக்கல் சயின்ஸ் சார்."

மானேஜர் புத்தகத்தை மூடினார். "அதை ஏம்மா எடுத்தா? படிச்சு மாளாதே!"

"வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் சார். ஒத்தக் கால்ல நிக்கிறா."

அவர் மூடிய புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டார்.

"ஆசைப்பட்டுப் படிக்கிறவங்களைத் தடுக்கக் கூடாது. போயிட்டு வாங்க."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேராக டிரைவரிடம் ஓடினாள்.

"அண்ணே, அந்தக் குதிரைக்காரன் ரொம்ப நல்லவன்!"

மறுநாள் கல்லூரியில் கையெழுத்துப் போட்டதும் சீட்டு உறுதியாகிவிட்டது. இத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய சந்தோஷத்தில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள் அக்கா. ஒரு மூலையில், தபால் வழியில் படிப்பவர்களுக்கான தேர்வு தொடங்கவிருந்தது. அறை வாசலில் இளவட்டங்களுக்கு நடுவே, ஹால் டிக்கெட்டும் கையுமாக, உதடு முணுமுணுக்க நின்றுகொண்டிருந்தார் மானேஜர்.

"சார்... நீங்களா?"

"அரியர்மா," என்று அசடு வழிந்தார் அவர். "பொலிட்டிக்கல் சயின்ஸ்தான். ஆபீஸ்ல மூச்சு விட்டுடாதீங்க. உங்களையெல்லாம் ஆள்றதுக்கா படிச்சேன்? எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில நிக்கலை. அதான் ஒவ்வொரு பாடத்தையும் உங்ககிட்ட நடிச்சுப் பாத்து மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்!"