லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலி

லிஃப்ட் அசைந்தால் பக்கத்து அறையில் இருக்கும் பெரிய காந்தம் தடுமாறும் என்றாள் ஆராய்ச்சி மாணவி ஜெபக்கனி. அரிசி அளவுக் குழாயில் மாத்திரைத் தூளை அடைத்து, அந்தக் காந்தத்துக்குள் சாய்த்துவைத்து, கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் சுழற்றிக்கொண்டிருந்தாள். தூளுக்குள் ஹைட்ரஜன் இரண்டு விதமாக இருக்கிறது என்பது அவள் கட்சி. கணினித் திரையில் ஓடிய கோட்டிலோ ஒரே மேடுதான் தெரிந்தது. "இன்னிக்கு இது ரெண்டாப் பிரியலன்னா என் ஆராய்ச்சி அவ்வளவுதான் அண்ணாச்சி. நாளையில இருந்து மிஷின் வேற ஆளுக்கு."

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். எனக்கும் முதலில் ஒரு வரி முழுவதும் ஒரே கறையாகத்தான் தெரிந்தது. திறந்திருந்த லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். மூன்றாம் மாடிக் கட்டட வேலைக்குப் போகவேண்டிய டைல்ஸ் பெட்டிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினேன்.

"கிறுக்கு புடிச்சிட்டாவே? லிஃப்ட்ல ஏத்தும்" என்று கத்தினார் மேஸ்திரி சுடலைமுத்து.

"படியும் மாடிக்குத்தான போவுது மேஸ்திரி."

இறங்கும்போதெல்லாம் ஜெபக்கனியின் அறைக் கதவிடுக்கில் திரையைப் பார்த்தேன். மேட்டின் உச்சியில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. மேஸ்திரியும் வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசிப் பெட்டியோடு ஏறும்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போச்சு என்று பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தேன். மேஸ்திரி அதை எடுத்துப் போடவில்லை. லிஃப்ட் கதவுக்கு நடுவே நன்றாக இழுத்து, அதிலேயே உட்கார்ந்திருந்தார். பையும் கையுமாக வந்த ஒரு பேராசிரியரிடம், "படியில போங்க சார், உள்ள பிரிஞ்சிட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.