பதினேழு மில்லிமீட்டர்

களவாடப்பட்டது என்று கூறப்பட்ட பொருள், பூதலூர் உழவர் குழு அலுவலகத்து மேசையின் நடுவில் ஒரு வெள்ளைத் துணியின் மீது கிடத்தப்பட்டிருந்தது. அதன் அருகில், கமருன்னிஸாவின் கையெழுத்தை எதிர்நோக்கி ஒரு மன்னிப்புக் கடிதமும், மூடி கழற்றப்பட்ட பேனாவும் காத்திருந்தன.

அப்பொருள் யாதெனில், உள்ளங்கை அகலமுள்ள வட்டமான பச்சை நிற மின்சுற்றுப் பலகை. அதன் நடுவில் கட்டைவிரல் நுழையுமளவு ஒரு துளை. வயலில் மும்முனை மின்சாரம் வந்தவுடன் அது கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். வீட்டில் அமர்ந்தவாறே மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் உதவும்.

மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்க்கும் கமருன்னிஸா, கேட்டவர்களுக்கெல்லாம் அதனைச் செய்து கொடுத்து வந்தார். போதாக்குறைக்கு, செய்யும் முறையையும் சொல்லிக் கொடுத்து வந்தார்.

குற்றம் சாட்டியவர், தஞ்சாவூர்க் கண்டுபிடிப்பாளர் சூர்யபிரகாஷ். முகவரி அட்டையில் பெயருக்கு முன்பும், சட்டையில் குத்திய வில்லையில் பெயருக்குப் பின்பும் 'கண்டுபிடிப்பாளர்' என்று அச்சிடப்பட்டிருந்தமையால், அதில் ஐயத்துக்கு இடமில்லை.

"இதப் பாருங்க தலைவரே." அவர் தம் பெட்டியிலிருந்து மற்றொரு பலகையை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. உலகத்துலயே நடுவுல ஓட்டை இருக்கற போர்டு என்னோடது மட்டும்தான். இந்தம்மா ஓட்டையக்கூட விடாம திருடியிருக்காங்க!"

குழுத் தலைவர் வைரக்கண்ணு இரண்டு பலகைகளையும் எடுத்து, இரு துளைகளின் வழியாகவும் மாறி மாறிக் கமருன்னிஸாவைப் பார்த்தார்.

"ஆமா, ஒரே ஓட்டைதான். என்னம்மா கமரு இது? கையெழுத்தப் போட்டுட்டுப் போ. போலீசு, கேசுன்னு ஆச்சுன்னா கடையவே பூட்டிடுவாங்க."

"போட்டா இனிமே நான் போர்டே செய்யக் கூடாதாண்ணே?"

"நீ மட்டுமில்ல, நீ சொல்லிக் குடுத்தவனும் செய்யக் கூடாதாம். நம்ம குழுவோட நூத்திருபது மோட்டாருக்கும் இனி சார்கிட்டதான் வாங்கணும். எல்லாம் அதுலயே எழுதியிருக்கு."

கமருன்னிஸா கடிதத்தைப் படிப்பதற்காகப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கைக்குத் தடையாக இருந்த பேரீச்சம்பழ டப்பாவை எடுத்து மேசையின் மீது வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார். அவருடைய கணவர் மீரா உசேன் சவூதியின் தம்மாமிலிருந்து கொண்டுவந்த சிறிய வட்ட டப்பா அது.

பழம் என்று எண்ணிய வைரக்கண்ணு ஆவலுடன் மூடியைத் திறந்தார். நடுவிலிருந்த குமிழைச் சுற்றித் திருகாணிகளே நிறைந்திருந்தன. நீட்டிய விரல்களை அவர் கௌரவமாக மடக்கிக்கொண்டார்.

"இந்த போர்டோட படம் இன்டர்நெட்ல சும்மாவே கிடக்குதே சார்," என்றார் கமருன்னிஸா. "யாரு வேணா எடுத்துச் செய்யலாம், விக்கலாம். வரைஞ்சவங்க பேர மட்டும் அழிக்கக் கூடாதுன்னு..."

"ஒத்துக்கிட்டாங்க பாத்தீங்களா!" சூர்யபிரகாஷ் மேசையைத் தட்டினார், திருகாணிகள் குலுங்கின. "என் படத்த எவனோ திருடி அதுல போட்டிருக்கான். அதப் பாத்து இவங்க செஞ்சிருக்காங்க. திருட்டுலயே ரெண்டாந்தரம்!"

"அப்ப மொதல்ல வரைஞ்சது நீங்கதாங்களா?"

"ஒவ்வொரு கோடும் என் கையால போட்டது. அந்த ஓட்டை ஒண்ணுக்கே எட்டு மாசம் ஆராய்ச்சி."

"அது எதுக்குங்க சார்? நான் பாதியில படிப்ப விட்டவ. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கறேன்."

இவ்வினாவுக்காகவே பிறவி எடுத்தவரைப் போலச் சூர்யபிரகாஷ் எழுந்து நின்றார்.

"சிப்பு சூடாகும். அந்தச் சூடு நடுவுல வந்து ஒரு சுத்து சுத்தி, இது வழியா மேல போயிடும். நம்ம டெல்டா வெயிலுக்குன்னே நான் கண்டுபிடிச்ச அளவு, பதினேழு மில்லிமீட்டர். பதினாறு வெச்சா போர்டு கருகிடும். பதினெட்டு வெச்சா சிக்னல் ஒழுகிடும்."

"ஒழுகிடுமா!" வைரக்கண்ணு வாய் பிளந்தார். "கொள்முதல்ல நெல்லு ஈரப்பதமும் பதினேழுதான் கேக்குறாங்க. இப்பல்ல புரியுது, எல்லாம் விஞ்ஞானம்! கமரு, இவ்வளவு படிச்சவர்கிட்ட மல்லுக்கட்டாத. போடும்மா."

கமருன்னிஸா பேனாவை எடுத்தார். அவ்வரிய காட்சியைப் பதிவு செய்யும் பொருட்டுச் சூர்யபிரகாஷ் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

கமருன்னிஸாவோ பேனாவுக்கு மூடியைப் போட்டுத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார். பின்னர் டப்பாவைக் கவிழ்த்து, திருகாணிகளை மன்னிப்புக் கடிதத்தின் மீது கொட்டினார். சூர்யபிரகாஷின் பலகையை எடுத்து, வெற்று டப்பாவுக்குள் மெல்ல இறக்கினார்.

டப்பாவின் குமிழ் துளைக்குள் புகுந்து வெளியே எட்டிப் பார்த்தது. 'டக்' என்னும் ஓசையுடன் பலகை அசையாமல் அமர்ந்தது.

வைரக்கண்ணு டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். ஓசையில்லை. தலைகீழாகப் பிடித்தார். விழவில்லை.

"என்னம்மா இது? அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காருது!"

கமருன்னிஸா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்னும் கைப்பேசியைத் தாழ்த்தாமல் நின்ற சூர்யபிரகாஷிடம் மிக்க பணிவுடன் கூறினார்:

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் இத வரைஞ்சப்ப, வீட்டுல வேற டப்பா இல்லைங்க தம்பி."