மணல் தொடங்கும் இடம்

ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் தேவசகாயம் தன் பொம்மை ரயில்பாதைக்கு ஜல்லி தேடியே ஒரு மழைக்காலத்தைக் கழித்தார். கருங்கல்லை இடித்து டீ வடிகட்டியில் சலித்தார். தண்டவாளத்தை ஒட்டித் துருவின் பழுப்பு, தள்ளிப்போகப் போகச் சாம்பல். ஆளில்லாத அந்த லெவல் கிராசிங்கை நினைவிலிருந்து அப்படியே செய்திருந்தார். அதற்கு ஒரு சாண் முன்னாலிருந்து வெள்ளை மணலை மெல்லிய கோடாகத் தூவினார். அவசரமாகப் பிரேக் பிடித்தால், சக்கரம் வழுக்காமலிருக்க என்ஜின் மணல் கொட்டும். மணல் எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் டிரைவர் பிரேக் பிடித்திருக்கிறார்.

பார்க்க வந்த சற்குணம் அவரிடம் உதவி டிரைவராக இருந்தவர். "அச்சு அசல் நம்ம லைன் ஜல்லிதான் சார்" என்று குனிந்தவர், மணலைப் பார்த்ததும் அது தொடங்கும் இடத்தை விரலால் தொட்டார். கிராசிங்குக்கு முன்பே பிரேக் பிடித்ததாகத்தான் இருவரும் விபத்து விசாரணையில் சொல்லியிருந்தார்கள். நிஜ மணலை அன்றைய மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. சைக்கிளில் குறுக்கே வந்தவர் சாட்சி சொல்ல உயிரோடு இல்லை.

"ஒட்டிட்டீங்களா சார்?"

"இல்லப்பா. பசை இனிமேதான் ஊத்தணும்."

சற்குணம் பிரஷை எடுத்தார். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, கிராசிங்கின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இங்கேருந்துதானே சார்?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுப்பா" என்றார்.