கடைசியில் குத்துவிளக்கு

சிதம்பரத்தில் பம்ப்செட் டீலர்கள் கூட்டம். நிகழ்ச்சி நிரலைப் படித்த மேனேஜர் ஆரோக்கியராஜ் திகைத்தார்.

"குத்துவிளக்கை யாராவது கடைசியில ஏத்துவாங்களாம்மா? முதலாளி கேட்டா?"

"நான்தான் போட்டேன்னு சொல்லிடுங்க சார்." வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான வெண்மதி நிரலை மாற்றவில்லை.

விற்பனையில் முதலிடம் பிடித்த கடலூர் மகேஸ்வரி, வழக்கம்போல அரை மணி தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நிகழ்ச்சி முடியும் நேரம், வெண்மதி அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அக்கா, நீங்கதான் விளக்கேத்தணும்."

"நானா? அவுரு போனதுலேர்ந்து, விளக்கேத்தி முடிச்சப்புறம்தாம்மா எந்தக் கூட்டத்துக்கும் வர்றேன்."

"தெரியும்க்கா. பழைய வருகைப் பதிவேட்டுல நேரம் பார்த்தேன். அதனாலதான் கடைசியில வச்சேன்."

மகேஸ்வரி மெதுவாக எழுந்தார். மேடையில் முதலாளி மெழுகுவர்த்தியை நீட்டினார். ஐந்து திரிகளும் எரிந்தன.

"அடுத்த வருஷமும் கடைசியிலயே போடும்மா" என்றார் ஆரோக்கியராஜ். வெண்மதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.