மூன்றாவது போன்

"வூட்ல எத்தினி போன் இருக்குதுக்கா?" என்று கேட்டான், வைஃபை பார்க்க வந்த ஒவைஸ்.

"எனக்கொண்ணு, அவருக்கொண்ணு," என்றாள் செந்தாமரை.

"மூணாவதா ஒரு போன் தினம் சாயங்காலம் உங்க வைஃபைல சேருது. பத்து நிமிஷத்துல போய்டுது. பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரோதான்."

"அய்யய்யோ, உடனே மாத்திடு தம்பி!"

"மாத்த வேணாம்," என்றார் அவள் கணவர் கோபால்சாமி.

ஒவைஸ் போனதும் செந்தாமரை பொரிந்தாள். "இன்னாங்க இது? யாரோ நம்ம வூட்டு வைஃபைல நுழையறான், வுட்டுடுன்றீங்க?"

"ஜமுனாமரத்தூர் பஸ் எதிர்ல பத்து நிமிஷம் நிக்குதில்ல, அதுலதான் தேவயானி வேலை முடிஞ்சு போறா. அவ போன்தான் அது."

காதல் கல்யாணம் செய்துகொண்ட மகளின் பெயரையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று இரண்டு வருடமாகச் சொல்பவர் அவர்தான்.

"என் போன்ல இருக்குற வைஃபை ஆப்ல அவ பேரு வரும். இன்னிக்கும் நல்லாருக்கான்னு நெனச்சுக்குவேன்."

வெளியே பஸ் வந்து நின்றது. கோபால்சாமி அவசரமாகப் போனை எடுத்தார். செந்தாமரை அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள்.

பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, தேவயானி இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.